முதற்கூட்டத்திற்கு ஒரு சொல்

 

நம் இல்லங்களின் பரண்களில் கிடக்கும் ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துப் பட்டியலிட மங்கலம்பேட்டையில் இளைஞர் குழு ஒன்று முன்வந்துள்ளது. கணினிப் பொறியாளர், வேதியியல் பட்டதாரி, வரலாறு பயின்றோர், தமிழாசிரியர் எனப் பல துறையினர். அவர்தம் முதற்கூட்டத்தில் யானும் இருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து பெயரும் பட்டமும் கூறி அமர்ந்தனர். யானும் எம்.ஏ. என்று கூறினேன். அதன்பின் பேச்சே எழவில்லை. நோன்புக் கதைகளை ஏடு பாராமற் சொல்லவல்ல மூதாட்டி ஒருவர் கதவோரம் அமர்ந்திருந்தார். வாய் திறவாமலே எழுந்து சென்றார். சுவடிகளைப் பூச்சி அரிக்கிறது. அவருக்கோ அகவை எண்பதைக் கடந்துவிட்டது.

அன்றிரவு எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராய் இருந்த அவரிடம், சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் ஐயர். எனினும் அந்நூலைப் படித்ததில்லை. படிக்கத் தொடங்கியபோது சமண நெறிச் சொற்கள் தடுத்தன. பொருள் தெளிய அவ்வூர்ச் சமணர் இல்லத்தை நாடிச் சென்றார். வாயிலில் தோரணமும் கோலமும் கண்டு, இன்று என்ன விசேடம் என்று கேட்டார். சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து நிறைவு செய்த நாள் என்று விடை கிடைத்தது! தம் புலமையை அவர் முன்வைக்கவில்லை. கண்ட கோலத்தைப் பற்றிக் கேட்டார். இல்லறத்தார் ஆசிரியராயினர், கல்லூரி ஆசிரியர் மாணவரானார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது.

புதியோரிடையே கூச்சம் நீக்க இக்காலத்து நிறுவனங்களிலும் சில விளையாட்டுகள் உண்டு. ஒவ்வொருவரும் தம்மைப்பற்றி இரண்டு மெய்யும் ஒரு பொய்யும் கூற, மற்றவர் பொய்யைக் கண்டறிதல் அவற்றுள் ஒன்று. வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட நம்மவரிடம் இது செல்லாது!

ஆதலின் இரண்டாம் கூட்டத்தில் வேறொன்று செய்தோம். பட்டம் கூறலாகாது, ‘பள்ளி’ என்றதும் தத்தம் மனத்தில் எழுவதை மட்டும் கூறவேண்டும். ஆசிரியர் கல்விச்சாலை என்றார். மலைக்குகைகளைச் சுற்றிப் பார்த்தவர் கற்படுக்கை என்றார். வரலாறு பயின்றவர் துறவியர் உறைவிடம் என்று கூறி, நம் கடலூரையடுத்த திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியே பழைய பாடலிபுரம் என்றும், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகம் நிறைவுற்ற ஊர் அதுவே என்றும் விரித்தார். பொறியாளர் சற்று எண்ணி, “அங்ஙனமாயின் இச்சொல்லைப் பட்டியலில் மூன்று தலைப்புகளில் அன்றோ இடவேண்டும்?” என்றார். வேலை அக்கணமே தொடங்கிவிட்டது. பிறகு ஒரு மணி நேரம் எவரும் கைப்பேசியைத் தொடவில்லை.

மூதாட்டியார் மட்டும் வரவில்லை. எனவே மூன்றாம் கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துள்ளோம். அன்று முதற்சொல்லை அவரே தருவார். சுவடி வைத்திருப்போர் எடுத்து வருக. கட்டை நீங்களே அவிழ்க்க வேண்டா.