ஏழாண்டுப் பள்ளி வாழ்வும் எங்கள் கடமையும்

(கல்விக் கழக வெள்ளிவிழாவில், 2025ஆம் ஆண்டு மேனிலைக் கல்வியை நிறைவு செய்த மாணவ மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கழகத்திற்கு வயது இருபத்தைந்து. எங்களுக்குப் பதினேழும் பதினெட்டும். நாங்கள் பிறப்பதற்கு முன்பே எங்கள் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு, வீடு வீடாகப் பிடியரிசி தண்டி, வாடகைக் கொட்டகையில் இரவுப் பாடசாலை தொடங்கிய பெரியவர்கள் இம்மேடையில் வீற்றிருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் எங்கள் பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்க்குமாறு பணிக்கப்பட்டுள்ளோம்.

இத்தகைய உரைகளில் விளையாட்டு விழாவும், ஆண்டு விழாவும், பிச்சாவரத்துச் சுற்றுலாவும் இடம்பெறுவது வழக்கம். அந்த மகிழ்ச்சிகள் எங்களுக்கும் உண்டு. ஆயினும் இவ்வுரைக்காக நாங்கள் கூடிப் பேசியபோது, எல்லார் மனத்திலும் முதலில் எழுந்த நினைவு வேறு. 2018 ஜூன் திங்களில் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் யாவும், 2025 மார்ச்சில் எழுதிய பொதுத்தேர்வின் பெயர்ப் பட்டியலில் இல்லை. விடுபட்ட அப்பெயர்களையும் சேர்த்து எண்ணினாலன்றி எங்கள் பள்ளி வாழ்வின் கணக்கு நேராகாது. அதனை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பெரியோர்களே! உயர்நிலைப் பள்ளி என்னும் படி நம் மக்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. 1893ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாண அரசு, அன்று பஞ்சமர் எனப்பட்ட நம் முன்னோரின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பள்ளிக்குச் செல்ல வழி வேண்டும். அவ்வழியில் நடக்க உரிமை வேண்டும். பொதுச் சாலையையும், பொதுக் கிணற்றையும் நம்மவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். நம் கொள்ளிடக் கரைக்கு அருகே சிதம்பரத்தில், 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியவர் சுவாமி சகஜானந்தர். நந்தனார் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்றும் அந்நகரில் நடைபெறுகின்றன. எங்கள் தாத்தாமார்களில் சிலர் அங்கே பயின்றவர்கள் என்பதை இங்குப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் சிறுவராயிருந்தபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் தனியே அமர்ந்து படித்தார். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபோது, பம்பாயில் அவர் சமுதாயத்தார் ஒன்றுகூடிப் பாராட்டு விழா எடுத்தனர். அக்கூட்டத்தில் கேலுஸ்கர் என்னும் அறிஞர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். ஒரு பையன் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டியது ஒரு சமுதாயத்தின் திருவிழாவாக இருந்த காலம் அது. இன்று எங்களைப் பாராட்ட நீங்கள் கூடியிருப்பதும் அவ்வழி வந்ததே. ஆனால் அன்று ஒருவர் தாண்டியதே வியப்பு. இன்று ஒருவர் விடுபட்டாலும் அது நமக்குக் குறை. அந்த அளவுக்கு நாம் வளர்ந்திருக்கிறோம்.

எங்கள் ஏழாண்டுகளுக்கு வருகிறோம். எங்களில் பலர் எழுத்தறியாத வீட்டிலிருந்து வந்தவர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாய், கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகும் தந்தை, இவர்களே எங்கள் குடும்பம். வீட்டுப்பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர். புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறோம். மாலையில் கழகத்தின் படிப்பகத்தில் எரிந்த மின்விளக்கும், அங்குப் பாடம் சொல்லித்தந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இல்லையெனில், எங்களில் பாதிப்பேர் எட்டாம் வகுப்போடு நின்றிருப்போம்.

பள்ளியில் கசப்பான அனுபவங்களும் உண்டு. ஒரு வகுப்பில், உதவித்தொகைப் படிவம் வரும்போதெல்லாம், “ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வது வழக்கமாயிருந்தது. நாங்கள் எழுந்து நிற்போம். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அது சட்டப்படி நமக்கு வந்த உரிமைத் தொகை. அதைப் பெறுவதற்குத் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. எங்களுள் ஒருத்தி, படிவமே வேண்டாம் என்று இரண்டாண்டுகள் சொல்லாமலே இருந்துவிட்டாள். பின்னர் வந்த ஆசிரியர் ஒருவர் அந்த வழக்கத்தை மாற்றினார். எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தம் அறைக்கு அழைத்து, பதிவுகளைச் சரிபார்க்கும்போதே படிவத்தையும் நிரப்பச் செய்தார். மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் அதற்குப்பின் எங்கள் தெருப் பிள்ளைகள் எவரும் படிவத்தை மறுக்கவில்லை.

நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் நம் சமுதாய மாணவர் ஒருவர் தம் பள்ளியில் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அச்செய்தியைப் படித்த இரவில் விடுதியில் எவரும் உறங்கவில்லை. அம்மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024இல் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றார் என்ற செய்தி, எங்கள் தேர்வுக்கு முன் நாங்கள் பெற்ற பெரிய ஊக்கம். அக்கொடுமையை அடுத்து அமைக்கப்பெற்ற நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதியைக் காட்டும் கயிறும் பட்டையும் கூடாது என 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில், “காலனி” என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஏழாண்டுகள் முகவரியிலும், பிறர் வாயிலும் அச்சொல்லைச் சுமந்த எங்களுக்கு அது வெறும் சொல் மாற்றம் அன்று.

இனி, விடுபட்ட பெயர்களைப் பற்றிச் சொல்கிறோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முழுவதும் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. 2021 செப்டம்பர் முதல் நாள் பள்ளி திறந்தபோது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். இடையில் ஒன்றரை ஆண்டு. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதனையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. மின்சாரமும் அமைதியும் உள்ள வீட்டில் அது பயன்பட்டது. எங்களில் பலர் வயலில் இறங்கினோம். சிலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

பள்ளி திறந்த அன்று வகுப்பில் இடங்கள் காலியாக இருந்தன. கணக்கில் எங்கள் அனைவரையும் மிஞ்சியவன் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கையில் கூலிப் பணம் புரண்ட பிறகு திரும்பி வர மனம் வரவில்லை. கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு வாங்கிய பெண்ணுக்குச் சிறு வயதிலேயே நிச்சயம் செய்துவிட்டார்கள். சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும் என்று தெரியாதவர்கள் அல்லர் அவள் பெற்றோர். ஊர் அடைபட்டுக் கிடந்த காலத்தில் செலவு குறையும் என்று எண்ணினார்கள். இன்னொருவன் சாதிச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானதால் விடுதியில் இடம் பெறாமல், ஒரு பருவம் கழித்துப் படிப்பையே விட்டுவிட்டான். வேறு சிலர் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிட்டார்கள். அதே கோடையில் துணைத் தேர்வு உண்டு, அதில் தேறினால் அவ்வாண்டே மேற்படிப்பில் சேரலாம் என்று அவர்களிடம் எவரும் போய்ச் சொல்லவில்லை.

இவர்களில் எவரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் நின்ற இடத்திற்கு ஒவ்வொரு காரணம் உண்டு. அக்காரணங்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில், ஓர் ஆள் நடந்து போயிருந்தால் தீரக்கூடியவை. கழகப் பெரியவர்கள் வீடு தேடிச் சென்று பேசியதால் திரும்பி வந்தவர்கள் இம்மேடையில் எங்களுடன் நிற்கிறார்கள் என்பதே இதற்குச் சான்று.

இன்று வாய்ப்புகள் இல்லை என்று சொல்வதற்கில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944 முதல் வழங்கப்படுகிறது. நம் மாநிலத்தில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009 முதல் தரப்படுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவற்றுள் எதனைப் பெறவும் பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டவனுக்கு இவை அனைத்தும் அடுத்த தெருவில் நடக்கும் திருமணம் போன்றவை.

ஆகவே கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம். முதலாவது, ஆறாம் வகுப்பில் சேரும் நம் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் கழகமே ஒரு பேரேட்டில் எழுதி, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஒரு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லையெனில் கழகத்தின் சார்பில் ஒருவர் அவ்வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அமைய, ஆண்டில் ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும். மூன்றாவது, பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் திருமணத்திற்கு நம் கழக உறுப்பினர் எவரும் செல்வதில்லை என்று இவ்வெள்ளிவிழாவிலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தாய்மார்களே, இதில் உங்கள் குரலே முதலில் ஒலிக்க வேண்டும்.

வேண்டுகோள் வைப்பவர்க்கும் கடமை உண்டு. எங்களில் சிலர் கல்லூரிக்கும், சிலர் பாலிடெக்னிக்குக்கும், சிலர் தொழிற்பயிற்சி நிலையத்திற்கும், சிலர் செவிலியர் படிப்புக்கும் செல்கிறோம். எங்கே சென்றாலும், ஊரில் இருக்கும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் படிப்பகத்தில் பாடம் சொல்லித்தருவோம். எங்களுள் ஒவ்வொருவரும், எங்களுடன் தொடங்கி இடையில் நின்ற ஒரு தோழனையோ தோழியையோ பொறுப்பேற்றுக்கொள்கிறோம். தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பதோ, தொழிற்பயிற்சியில் சேர்ப்பதோ, அவரவர் நிலைக்கு ஏற்றதைச் செய்வோம். பனியன் கம்பெனியில் இருக்கும் நண்பனுக்கு எங்களுள் ஒருவன் கடிதம் எழுதியாயிற்று. வருகிற பொங்கலுக்கு ஊர் வரும்போது விண்ணப்பம் நிரப்பலாம் என்று அவன் பதில் எழுதியிருக்கிறான்.

தம்பி தங்கையரே! உங்களுள் எவரேனும் நாளை பள்ளிக்குப் போகாமலிருக்க எண்ணினால், அதற்கு முன் எங்களில் ஒருவரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் வேண்டுவது அவ்வளவே.

 கழகம் பொன்விழாக் காணும் நாளில் இம்மேடையில் நிற்கும் வகுப்பு, விடுபட்ட பெயர் ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூடியதாக அமையட்டும்.

வளர்க கல்வி! வாழ்க நம் கழகம்!