கடைமடைக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும்

(சிதம்பரம் பகுதி விவசாயிகளுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சம்பாவுக்கு எந்த ரகம் ஏற்றது, தழைச்சத்தை எத்தனை தவணையாகப் பிரித்து இடுவது என்றுதான் வழக்கமாக உங்களிடம் பேசுவேன். இன்று நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயிருக்கு வரும் நோய் அல்ல, மனிதருக்கு வரும் கொள்ளை நோய். உழவியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் நம் வயலில் இறங்குகிறவர்கள் படுத்துவிட்டால் அது நம் வீட்டுக் காரியம்தானே?

காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் பயிர் செய்கிறவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2020-லும் 2021-லும் மேட்டூர் அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டது. அணை திறந்த செய்தி வந்த அன்றே நம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுமா? மேல்மடை நனைந்து, நடுவில் உள்ளவர்கள் பாய்ச்சிக்கொண்டு, மிஞ்சியதுதான் நமக்கு. கொரோனாக் காலத்தில் மருந்தும் தடுப்பூசியும், ஏன், சரியான செய்தியும்கூட, இப்படித்தான் ஓடி வந்தன.

நோய் மட்டும் அப்படி வரவில்லை. அது கூலிக்காரர் தோளில் ஏறித்தான் நம் மாவட்டத்தில் பெருமளவில் பரவியது. சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கவும் காய்கறி இறக்கவும் போயிருந்தவர்களில் கடலூர், விழுப்புரம், அரியலூர் பகுதிக்காரர்கள் மிகுதி. 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே நோய் பரவியதும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அந்த வாரத்தில் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழி மறித்த கிராமங்கள் உண்டு. சொந்த ஊர்ப் பிள்ளைகளையே குற்றவாளிகளைப் போலப் பார்த்தோம். அதன் பலன் என்ன? சளி, காய்ச்சல் கண்டவர் வெளியில் சொல்லப் பயந்தார். மறைக்கப்பட்ட நோய்தான் மிக வேகமாகப் பரவும் நோய்.

ஏழையையே முதலில் பிடிக்கும் இந்தப் பழக்கம் கொள்ளை நோய்களுக்குப் புதியதல்ல. 1918-ல் வந்த விஷக் காய்ச்சலில் நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பம்பாய் நகரில் ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களிலோ ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே நகரம், அதே காய்ச்சல். நூறாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களில் இரத்தப் பரிசோதனை செய்தது. நகரக் குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 15.6 பேருக்கும், மற்ற நகரப் பகுதிகளில் 8.2 பேருக்கும், கிராமங்களில் 4.4 பேருக்கும் கிருமி வந்து போன அடையாளம் இருந்தது. கிராமத்தார் தப்பித்தோம் என்று இருந்தோம். 2021 ஜூன், ஜூலையில் மறுபடி பார்த்தபோது கிராமங்களில் 66-ஐத் தாண்டி, நகரத்தோடு ஏறக்குறைய சமமாகிவிட்டது.

தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. 18 முதல் 44 வயதுக்காரருக்கு வந்தபோது கைபேசியில் முன்பதிவு கட்டாயம் என்று முதலில் விதித்தார்கள். மே 24-ல்தான் அரசு நிலையங்களில் நேரில் போய்ப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. இணையம் உள்ள கைபேசி யார் வீட்டில் இருந்தது, யார் வீட்டில் இல்லை என்பதை உங்கள் ஊரை வைத்தே கணக்குப் பாருங்கள். அடையாள அட்டை ஏதுமில்லாதவர்களுக்கு ஊசி போடும் முறையையும் அந்த மே மாதம்தான் மத்திய அரசு தனியாக வகுத்தது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் கிள்ளைப் பகுதி இருளர் மக்களை எண்ணிப் பாருங்கள். முகாம் தேடி வருவதென்றால் அன்றைய பிடிப்பை விட்டு வர வேண்டும். வந்த பிறகு அட்டை எங்கே என்று கேட்டால், அவர் மறுநாள் வருவாரா?

கூலி வேலை செய்பவர்கள் ஊசிக்குத் தயங்கியது அறியாமையால் என்று பலர் சொன்னார்கள். இதை நான் முழுதும் ஒப்புவதில்லை. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பின்னர் தெரிவித்தது. ஆனால் வதந்தி அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது. அந்தப் பயம் உண்மைதான். நடவுக்கு ஆள் கூட்டி வரும் ஓர் அம்மாளிடம் இது பற்றிக் கேட்டேன். “சாவுக்குப் பயமில்லே சார். ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் வருதுங்கறாங்க. அந்த ரெண்டு நாள் கூலிய யாரு குடுப்பா?” என்றார். இது அறியாமையா? நம்மைவிடத் துல்லியமாகப் போட்ட கணக்கு அது. போதாததற்கு முகாமைக் காலை 10 மணிக்கு வைத்தார்கள். அந்த நேரம் குறித்தவர் ஒரு நாளும் நாற்றங்கால் பக்கம் போகாதவராக இருக்க வேண்டும்.

முகாம் மக்களைத் தேடிப் போன பிறகுதான் நிலைமை மாறியது. 100 நாள் வேலை நடந்த இடத்துக்கே செவிலியர்கள் போனார்கள். மாலை நேரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று, ஞாயிற்றுக்கிழமை, தமிழகமெங்கும் 40,000 இடங்களில் முகாம் வைத்ததில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. மக்கள் அதே மக்கள்தான். இடமும் நேரமும் மாறின. கூட வந்து கதவைத் தட்டியவர் தெரிந்த முகமாக இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் அந்த வட்டாரத்துப் பெண் தன்னார்வலர்களே. பேருந்து நின்ற நாட்களில் மாத மாத்திரை வாங்க முடியாமல் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். கொரோனா கடுமையாகத் தாக்கியதும் இந்த இரண்டு நோயும் கட்டுப்படாமல் இருந்தவர்களைத்தான்.

எலி ஒழிப்பில் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். ஒருவர் மட்டும் தம் வயலில் கிட்டி வைத்துப் பயனில்லை, ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால்தான் அடங்கும். விடுபட்ட வரப்பிலிருந்து எலி திரும்பி வரும். நோயும் அப்படியே. ஆகவே அடுத்த பருவத்துக்கு முன்பாக நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் வயலுக்கு வரும் நடவு ஆட்களில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு, யாருக்கு மாத்திரை வந்து சேர்வதில்லை என்று ஆள் கூட்டி வருபவரிடம் பக்குவமாகக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயர்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் சேர்ப்பியுங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்பு, இருளர் குடியிருப்பு இரண்டையும் விட்டுவிட்டு ஊர்க் குழு அமைக்காதீர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆளே குழுவில் இருக்கட்டும், நாம் பார்த்து நியமிக்கும் ஆள் வேண்டாம். முகாம் எந்த நாளில், எத்தனை மணிக்கு வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். ஒருவர் ஊசிக்கோ பரிசோதனைக்கோ போனால் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். இது உங்களுக்குச் சற்றுக் கசக்கும் என்று எனக்குத் தெரியும். நடவு நேரத்தில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் படுத்துவிட்டால், நாற்று முற்றி ஏற்படும் நட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அடுத்த கொள்ளை நோய் வரும்வரை இந்தக் குழு சும்மா இருக்க வேண்டியதில்லை. எலிச் சிறுநீர் கலந்த வயல் நீர் காலில் உள்ள புண் வழியே புகுந்து எலிக்காய்ச்சலைத் தருகிறது. மழைக்காலத்தில் நடவு ஆட்களுக்குத் தலைவலி, தசைவலியோடு காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கித் தந்து வேலைக்கு அழைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். விவரம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நவம்பர் 1 கூட்டம் சம்பா நடவு முடியும் தறுவாயில் வருகிறது. ஆகஸ்ட் 15 கூட்டம் அதற்கு முன்பே, ஆட்களெல்லாம் ஊரில் இருக்கும்போது வருகிறது. முகாம் நேரத்தை மாற்றித் தரும்படி தீர்மானம் கொண்டுவர அதுவே தோதான நாள். தீர்மானத்தின் நகல் ஒன்றை வட்டார மருத்துவ அலுவலருக்கும் அனுப்பி வையுங்கள்.