லைக்கும் தேடலின் முதல் பக்கமும்

சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர் எவரானாலும் அவரைத் தேடி இன்று ஒரு யோசனை வந்துவிடுகிறது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்குத் தொடங்குங்கள், தினமும் எதையாவது பதிவிடுங்கள், லைக் பெருகப் பெருக உங்கள் இணையதளம் கூகுள் தேடலில் மேலே ஏறும் என்கிறார்கள். இதையே மாதக் கட்டணத்துக்குச் செய்து தருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். யோசனையின் முன்பாதியில் எனக்குச் சண்டை இல்லை. பின்பாதிக்குத்தான் சான்று மிகக் குறைவு. சமூக ஊடகத்தால் தேடலில் பலன் கிடைப்பது உண்மை. ஆனால் அந்தப் பலனைக் கொண்டுவருவது லைக் போடும் ஆயிரம் பேர் அல்லர். அங்கே உங்களைக் கண்டுகொண்டு, பிறகு வேறோரிடத்தில் உங்களைப் பற்றி எழுதும் நாலைந்து பேரும், உங்கள் பெயரை நினைவில் வைத்துத் தேடுகிறவர்களும்தான்.

இதற்கான காரணம் கூகுள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் தங்கள் தேடுபொறியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் ஆய்வை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்து அதை மதிப்பிடுவது கல்வியுலகப் பழக்கம். அதை அவர்கள் வலைப்பக்கங்களுக்குப் பொருத்தினார்கள். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் இணைப்புக் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவர் மதிப்புள்ளவரானால் அதற்கு எடை கூடுதல். இன்று எத்தனையோ காரணிகள் சேர்ந்துவிட்டன, ஆனாலும் இணைப்பு செல்லாக்காசாகிவிடவில்லை. மதிப்பு இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? கண்ட இடத்திலெல்லாம் இணைப்பை ஒட்டிவிட்டுப் போகும் கூட்டம் கிளம்பியது. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றுக்கொண்டன. இந்தக் குறி உள்ள இணைப்பைப் பரிந்துரையாக எண்ண வேண்டாம் என்பது அதன் பொருள். 2007இல் விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகளுக்கு அதைப் போட்டுவிட்டது. பெரிய சமூக ஊடகங்களும் தங்களிடம் பகிரப்படும் இணைப்புகளில் பெரும்பாலும் அதைப் போட்டே வைக்கின்றன. 2019இல் கூகுள் இந்தக் குறியைக் கட்டளையாக இல்லாமல் குறிப்பாக மட்டும் கொள்வதாக அறிவித்தது. அதனால் கதவு கொஞ்சம் திறந்தது என்று சொல்லலாம். அதற்குமேல் எதையும் அதில் படிப்பதற்கில்லை.

இதற்கு முதல் மறுப்பு, கூகுளே முன்பு வேறு விதமாகச் சொன்னதே என்பது. சொன்னது உண்மைதான். 2010 டிசம்பரில் கூகுளும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கும் சமூக ஊடகக் குறிப்புகளைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டன. அந்த ஒப்புதலை வைத்துத்தான் ஒரு தொழிலே எழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். ட்விட்டர் பதிவுகளை உடனுக்குடன் தேடலில் காட்டும் வசதியை கூகுள் 2009இல் தொடங்கியிருந்தது. ட்விட்டருடனான ஒப்பந்தம் 2011 ஜூலையில் முடிந்ததும் அந்த வசதி நின்றுபோனது. 2014 ஜனவரியில் கூகுளின் மாட் கட்ஸ், ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கங்களை மற்ற வலைப்பக்கங்களைப் போலவே நடத்துவதாகவும், லைக்குக்கோ பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கோ தனி எடை இல்லை என்றும் காணொளியில் விளக்கினார். பிறர் வீட்டுத் தரவு எந்த நாளும் கைக்கு எட்டாமல் போகலாம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பிங் மட்டும் சமூகப் பகிர்வுகளைக் கவனிப்பதாகத் தன் வழிகாட்டுதலில் சொல்லிவந்திருக்கிறது. நம் ஊரில் பிங்கில் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. கூகுள் தன்னைப் பற்றிச் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்? தேடல் முடிவுகளில் யார் எதைச் சொடுக்குகிறார்கள் என்பதற்குப் பெரிய பங்கில்லை என்ற தொனியில்தான் அந்நிறுவனத்தார் பல ஆண்டுகள் பேசிவந்தார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், 2023இல் கூகுள் துணைத்தலைவர் பாண்டு நாயக்கின் சாட்சியத்தில் 'நேவ்பூஸ்ட்' என்ற ஏற்பாடு வெளியே வந்தது. பயனர்கள் சொடுக்கியதன் 13 மாதத் தரவை அது பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் கசிந்த உள் ஆவணங்களிலும் அதன் பெயர் இருந்தது. ஆகவே அவர்கள் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை ஏற்கிறேன். அவர்களுடைய நலன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்போம். நேவ்பூஸ்ட் பார்ப்பது கூகுளின் சொந்தத் தேடல் பக்கத்தில் விழும் சொடுக்குகளை. அது அவர்கள் கையிலேயே இருக்கும் தரவு. லைக்கோ ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் போட்டி நிறுவனமான மெட்டாவின் கையில் இருக்கிறது. போட்டியாளர் நினைத்தால் மூடிவிடக்கூடிய ஊற்றை நம்பி யார் அடித்தளம் போடுவார்கள்? கூகுளே 2011இல் கூகுள் பிளஸ் என்று சொந்தமாக ஒரு சமூக ஊடகம் நடத்திப் பார்த்தது. அங்கே கிடைக்கும் 'பிளஸ் ஒன்' தரவரிசையை உயர்த்துகிறது என்று 2013இல் பேச்சு எழுந்தபோது, மாட் கட்ஸ் அதை மறுத்தார். நல்ல பக்கத்தை மக்கள் பகிரவும் செய்வார்கள், அதற்கு இணைப்பும் கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்து தென்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதே அவர் வாதம். அதிகம் பகிரப்பட்ட பக்கங்களே மேலே இருக்கின்றன என்று வரைபடம் காட்டுகிறவர்களுக்கும் இதே பதில் போதும். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது.

அப்படியானால் சமூக ஊடகத்தில் உழைப்பது வீணா? இல்லை, உழைப்பின் வகையைத்தான் மாற்ற வேண்டும். மதுரைச் சுங்குடி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். "புதிய வரவு, 10 சதவீதத் தள்ளுபடி" என்ற பதிவுக்கு முந்நூறு லைக் விழலாம், அதோடு அது முடிந்தது. துணியை நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்துப் புள்ளிகளைக் கொண்டுவரும் வேலையைப் படங்களோடு தன் இணையதளத்தில் விரிவாக எழுதிவிட்டு, அதன் ஒரு துண்டை மட்டும் இன்ஸ்டாகிராமில் போட்டால் நடப்பதே வேறு. கைத்தறி பற்றி எழுதும் ஒரு நிருபரோ, துணி வரலாறு படிக்கும் ஓர் ஆய்வு மாணவரோ அதைப் பார்த்துத் தளத்துக்கு வருவார். நாளை அவர் எழுதும் கட்டுரையில் இணைப்புக் கொடுப்பார். அந்த ஓர் இணைப்பு, குறி போட்டு ஒதுக்கப்பட்ட ஆயிரம் பகிர்வுகளைவிட எடை கூடியது. பதிவைப் பார்த்த இன்னொருவர் தீபாவளி நெருங்கும்போது கடையின் பெயரையே கூகுளில் இட்டுத் தேடி, தளத்தைச் சொடுக்குவார். நேவ்பூஸ்ட் கவனிக்கும் சொடுக்கில் இதுவும் ஒன்று என்று கொள்வது நியாயமான ஊகம். தமிழில் எழுதுகிறவர்கள் குறைவாயிற்றே, இணைப்பு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். எழுதுகிறவர்கள் குறைவு என்றால் போட்டிக்கு நிற்கும் பக்கங்களும் குறைவுதானே.

எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் டெவுமி நிறுவனமே சாட்சி. போலிப் பின்தொடர்வோரை விற்ற அதன் மீது அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2019இல் 25 லட்சம் டாலருக்குத் தீர்வு கண்டது. 2024இல் இத்தகைய விற்பனையையும், வணிக நோக்கில் அறிந்தே வாங்குவதையும் தடுக்கும் விதியையே கொண்டுவந்தது.

தேடலே எதற்கு, வாடிக்கையாளர் முழுவதும் சமூக ஊடகத்திலேயே இருக்கும்போது இணையதளம்கூட வேண்டாமே என்பாரும் உண்டு. திருவிழாத் திடலில் போட்ட கடையில் கூட்டம் நெரியும், ஆனால் திடல்காரர் எழச் சொன்னால் எழத்தான் வேண்டும். டிக்டாக்கை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் பதிவிறக்கத்துக்குத் தடை சொல்லி, சில வாரங்களில் தடையை விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு அதை ஒரேயடியாகத் தடை செய்தது. அங்கே மட்டும் பார்வையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேறொரு செயலியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே நேயர்களே, உங்கள் தளத்தை மேலே ஏற்றித் தருவதாகச் சொல்லி மாதக் கட்டணம் கேட்கும் ஒருவர் லைக் எண்ணிக்கையை நீட்டினால், தேடல் வழியாகத் தளத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள், புதிதாக யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'கூகுள் சர்ச் கன்சோல்' என்ற கருவியில் இந்த விவரங்கள் கிடைக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது, நீங்களே திறந்து பார்க்கலாம்.