அப்டேட் வந்தாயிற்று, ஆனால் உங்களுக்கு இல்லை



செல்போனில் செட்டிங்ஸ் போய் சாப்ட்வேர் அப்டேட் என்ற இடத்தைத் தொட்டால், 'உங்கள் போன் புதிய நிலையில் உள்ளது' என்ற பொருளில் ஒரு வரி வரும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த பலர் அந்த வரியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். கூகுள் புதிய ஆண்ட்ராய்டை எப்போதோ வெளியிட்டிருக்கும். அது அவர்கள் போனுக்கு வந்து சேர்ந்திருக்காது.

எங்கே நின்றது? அங்கே பெரும்பாலானோர் வெரைசான், ஏடி அண்ட் டி, ஸ்பிரின்ட், டி-மொபைல் ஆகிய நெட்வொர்க் கம்பெனிகளிடம் 2 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, சலுகை விலையில் போன் வாங்கினார்கள். கூகுள் தரும் ஆண்ட்ராய்டை சிப் கம்பெனியும் போன் கம்பெனியும் தங்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அதற்கே மாதங்கள் ஓடும். பிறகு நெட்வொர்க் கம்பெனி சோதித்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் அப்டேட் கிளம்பும்.

2010 மே மாதம் ஆண்ட்ராய்டு 2.2, அதாவது ஃப்ரோயோ, அறிவிக்கப்பட்டது. வெரைசான் விற்ற கேலக்ஸி எஸ் வகைப் போனான ஃபேசினேட்டுக்கு அது வந்தது 2011 ஏப்ரலில். அதற்குள் அடுத்த பதிப்பான ஜிஞ்சர்பிரெட்டே வந்து மாதக்கணக்காகிவிட்டது. கூகுள் பெயரிலேயே வந்த கேலக்ஸி நெக்சஸும் தப்பவில்லை. அப்டேட் முதலில் கிடைக்கும் என்று நம்பித்தான் அதை வாங்கினார்கள். 2012 ஜூலையில் ஜெல்லி பீன் வந்தபோது, நெட்வொர்க் கம்பெனியைச் சாராமல் விற்ற ஜிஎஸ்எம் போன்களுக்கு அதே மாதம் கிடைத்தது. வெரைசான்காரர்கள் செப்டம்பர் வரை காத்திருந்தார்கள்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆபத்தில் இருப்பவர் 911-ஐ அழைத்தால் அழைப்பு போயாக வேண்டும். ஆனால் அதே நெட்வொர்க்குகளில் ஐபோனும் ஓடியது. அதன் அப்டேட் எந்த நாளில் வரும் என்பதை ஆப்பிள்தான் முடிவு செய்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்தது. முடியாத காரியம் என்றால் அதுவும் நடந்திருக்கக் கூடாது அல்லவா?

அப்டேட் என்றால் புது ஐகான், புது நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். திருடன் நுழையக்கூடிய ஓட்டையை அடைப்பதும் அதுதான். ஓட்டை இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, அடைப்பு மட்டும் எங்கோ வரிசையில் நிற்கிறது. எனக்கு இதுதான் பொறுக்க முடியாதது. 2013 ஏப்ரலில் ஏசிஎல்யூ என்ற அமெரிக்க உரிமை அமைப்பு இதே காரணத்தைச் சொல்லி, அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் அந்த நான்கு நெட்வொர்க் கம்பெனிகள் மீதும் புகார் கொடுத்தது. பாதுகாப்பில்லாத போனை வைத்திருப்பவர்களை எச்சரியுங்கள், அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டது. நியாயமான கோரிக்கை. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்ற நிலை. அதன் பிறகுதான் கூகுளும் சாம்சங்கும் மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தன.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் அப்டேட் தருவதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும். பாதுகாப்பு அப்டேட் வெளியான 4 மாதத்துக்குள் வாங்கியவர் கைக்கு வந்தாக வேண்டும். 4 மாதமே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. ஆனாலும் கெடு என்று ஒன்று வந்ததே பெரிய விஷயம்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் நேயர்கள் ஒன்று செய்யுங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரங்கள் உள்ள பகுதியில் செக்யூரிட்டி பேட்ச் என்று ஒரு தேதி இருக்கும். 'புதிய நிலையில் உள்ளது' என்ற வரியை விட்டுவிட்டு அந்தத் தேதியைப் பாருங்கள். அது பல மாதம் பழையதாக இருந்தால், போன் கம்பெனியின் சேவை மையத்தைக் கூப்பிட்டு, அடுத்த அப்டேட் எப்போது என்று கேளுங்கள். புதுப் போன் வாங்கப் போனால், கேமராவைப் பற்றிக் கேட்கும் முன் எத்தனை ஆண்டு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள்.