கண்டதை எழுதி வைப்போம்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேசுகிறார் என்றதும் நீரிழிவைப் பற்றித்தான் என்று நினைத்திருப்பீர்கள். இன்று கொக்கையும் உள்ளானையும் கடலாமையையும் பற்றிப் பேசுவோம்.

டெங்கு என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர்களாகிய நாங்கள் ஒரு படிவம் நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புகிறோம். ஒரு படிவம் ஒரு நோயாளியின் கதை. நூறு சேர்ந்தால் நோய் எந்த வீதியில் பரவுகிறது என்று தெரிந்துவிடும். உயிரினங்களுக்கும் இதே கணக்குத்தான்.

பிரித்தானியாவில் உயிரியல் பதிவு நிலையம் 1964இல் தொடங்கியது. இன்று அங்கே பகுதிதோறும் இத்தகைய நிலையங்கள் உண்டு. அவற்றுக்குத் தகவல் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். அவர்களிடம் கேட்பது நான்கே விடயங்கள்: என்ன கண்டீர்கள், எங்கே, எந்தத் திகதியில், கண்டவர் யார்.

நம் நாட்டிலும் இந்த வேலை புதிதல்ல. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் குழு 1976இலும் தொடங்கின. இன்று கைத்தொலைபேசி போதும். பறவைகளுக்கு ஈபேர்ட், எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் போடலாம், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

இதனால் ஊருக்கு என்ன பயன்? களப்பிலோ கடற்கரையிலோ பெரிய திட்டமொன்று வந்து, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், 30 வேலை நாட்களுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். “முந்தி நிறையப் பறவை வந்தது” என்றால் அங்கே எடுபடாது. இந்த வட்டையில், இந்தத் திகதியில், இந்தப் பறவை இத்தனை என்றால் பதில் சொல்லியே ஆகவேண்டும். 2004 டிசம்பர் 26க்கு முந்திய பாண்டிருப்புக் கடற்கரை நம்மில் பலரின் நினைவில் இருக்கிறது. அங்கே என்ன கொடி படர்ந்தது, என்ன பறவை இறங்கியது என்று எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? நினைவு நம்மோடு போய்விடும், எழுத்து நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆமை முட்டையிட்ட இடத்தை முகநூலில் போடாதீர்கள். முட்டை எடுப்பவரும் அதைப் பார்ப்பார். பாம்பைப் படமெடுக்கக் கிட்டப் போகாதீர்கள். யாரையும் பாம்பு தீண்டினால் அதை அடிக்கவோ தேடவோ நேரம் போக்காமல் நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

லண்டனிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, நீங்கள் டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வரும் நேரத்தில்தான் வடக்கிலிருந்து வலசைப் பறவைகளும் வந்திருக்கும். ஒரு காலை நேரத்தைப் பிள்ளைகளோடு வயலோரம் செலவிடுங்கள். வீட்டுப் பெட்டியில் திகதியோடு பழைய படங்கள் இருந்தால் அவையும் பதிவுகளே. பறவை, விலங்கு தெரியும் படங்களைத் தேடி எடுங்கள்.

கிட்டங்கிப் பக்கத்து வயற்காரருக்கும் மருதமுனை மீனவருக்கும் நம்மைவிட அதிகம் தெரியும். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன ஊர்ப் பெயர்களையும் சேர்த்து எழுதுவோம். நூற்றாண்டு காணும் நம் பள்ளியின் ஒவ்வொரு மாணவியும் இந்த ஆண்டில் ஒரு பதிவாவது செய்யட்டும். இதுவே நமது வேண்டுகோள்.