பொந்து விழுந்த மரம்



நம் தோட்டங்களில் பயிராகும் மரங்கள் முதுமை அடைவதில்லை. ரப்பர் மரங்களைச் சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி, மறுநடவு செய்கிறார்கள். செம்பனைக்கும் ஏறக்குறைய 25 ஆண்டுகள்தாம். கோயில் வாசலிலோ, பள்ளித் திடலிலோ, லயத்து ஓரத்திலோ தனியாக நிற்கும் பெரிய மரம்தான் முதுமை காணும் மரம்.

பல இடங்களில் அது தூங்குமூஞ்சி மரமாக இருக்கும். தென் அமெரிக்காவில் விளையும் இம்மரம் 1876இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. மாலையில் இலை மடிவதால் மலாய்க்காரர்கள் இதைப் 'புக்குல் லீமா', அதாவது 'ஐந்து மணி' என்பார்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவில் நூறாண்டு கடந்த தூங்குமூஞ்சி மரங்கள் நீரின்மேல் கிளை சாய்த்து நிற்கின்றன.

இப்படிப்பட்ட மரத்தில் பொந்து விழுந்தால், "மரம் செத்துப் போச்சு, வெட்டிப் போடுங்க" என்று பேச்சு எழுகிறது. அது உண்மைதானா? மரம் சீவுகிறவர்களுக்கு விடை தெரியும். பால் வருவது பட்டையிலிருந்து. உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் காயம். பிறகு புதுப்பட்டை ஒழுங்காக வளராது. இப்படிப்பட்ட மரத்திற்கும் உயிர் இருப்பது பட்டையிலும், அதற்கு அடுத்த மெல்லிய படலத்திலும், வெளிப்புறக் கட்டையிலும்தான். நடுவிலுள்ள வயிரம் உயிரற்றது. அது உளுத்துப் பொந்தானாலும் மரம் பல்லாண்டு வாழக்கூடும்.

அந்தப் பொந்தும் வீணன்று. எலி பிடிக்கும் ஆந்தை தானே கூடு கட்டாது. பொந்தைத் தேடி முட்டையிடும். செம்பனைத் தோட்டங்களில் கம்பங்களின்மேல் பெட்டிகள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொந்துள்ள மரங்கள் அங்கு இல்லாததால், எலியை ஒழிக்க ஆந்தைக்கு நாம் கட்டிக் கொடுத்த வீடு அது! முதிய மரமோ அந்த வீட்டைச் செலவின்றித் தருகிறது. ஒரு மரத்தை வெட்டிப் பத்துக் கன்றுகளை நட்டாலும், அவற்றில் பெரிய பொந்து விழுவதை நம் பிள்ளைகள்கூடப் பார்ப்பது அரிது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மரத்தடியில் குப்பையைக் கொளுத்தக் கூடாது. பட்டை வெந்தால் மரம் பட்டுப்போகும். ஆணி அடித்துக் கம்பி கட்டக் கூடாது. உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான், கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே, அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதும், லாரி நிறுத்துவதும், வேரை அறுத்துக் கால்வாய் வெட்டுவதும் கேடு. உதிர்ந்த இலை அங்கேயே மக்கட்டும்.

ஆபத்தையும் மறக்கக் கூடாது. காய்ந்த கிளையோ, புதிதாகச் சாய்ந்த அடிமரமோ தெரிந்தால், பிள்ளைகளை அப்பால் நிறுத்தி நிர்வாகத்திடம் உடனே சொல்ல வேண்டும். மரம் அறிந்தவர் பார்த்து, கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்று முடிவு செய்யட்டும். கோடரியை எடுப்பது அதற்குப் பிறகுதான். இடி மின்னலின்போது எந்த மரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம்.

வெட்டுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். வளர்வதற்கோ மூன்று தலைமுறை வேண்டும்.