மழை பெய்ததும் மாட்டை அவிழ்க்காதீங்க

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

காந்திகிராமத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு மேய்ச்சல் நிலத்தைப் பத்திப் பேசலாம். முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடுறேன்.

2016 ஐப்பசி. ஒரு மழை பேஞ்சு தரையில பச்சை தெரிஞ்சுது. மறுநாளே ஏழு மாட்டையும் அவிழ்த்து விட்டுட்டேன். பத்து நாள்ல புல்லு வேரோட போச்சு. அப்புறம் மழையே இல்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட சுமார் 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமா அரசு அறிவிச்சுது. பங்குனியில மூணு மாட்டை, எலும்பு தெரியுற நிலையில, பாதி விலைக்குக் கொடுத்தேன்.

வறட்சி எல்லாருக்கும் வந்துது. ஆனா புல்லை முன்கூட்டியே அழிச்சது நான்தான்.

இதுக்குப் பாடம் பக்கத்துலயே இருக்கு. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கமும், நம்ம மாவட்டத்துல சில இடங்கள்லயும் இருக்கிற கொறங்காடு. சுத்தி கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்த நிலத்துலதான். வேலி போட்டுத் தனித்தனிக் காடா பிரிச்சிருக்கிறதால, ஒண்ணுல மேயும்போது இன்னொண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

ஏன் ஓய்வு வேணும்? மழை பெய்ததும் புல்லு வேர்ல சேர்த்து வெச்ச சத்தை எடுத்துத்தான் துளிர்க்குது. அந்தத் துளிரைக் கடிச்சா வேர் இளைச்சுப்போகும். அதனால புல்லு முழங்கால் உயரம் வரட்டும். முடிஞ்சா ஒரு காட்டையாவது விதை கொட்டுற வரைக்கும் விட்டு வைங்க. மேயும்போதும் நாலு விரல் உயரம் நிக்கிறப்பவே அடுத்த காட்டுக்கு மாத்திடுங்க. அதுவரைக்கும் மாட்டைக் கட்டி வெச்சு சோளத்தட்டை, வைக்கோல் போடணும். சங்கடம்தான், ஆனா அந்த ரெண்டு மூணு வாரம்தான் கோடைக்கு மிச்சம்.

வேலி போட வசதி இல்லையா? நிலத்தை மூணா நாலா மனசுல பிரிச்சுக்குங்க. மாட்டை ஆள் வெச்சு ஓட்டியாவது மாத்துங்க.

அடுத்தது தை மாசக் கணக்கு. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு உலர்தீவனம் குறைஞ்சது 6 கிலோ வேணும். மாசியில இருந்து வைகாசி வரைக்கும் 120 நாள். ஒரு மாட்டுக்கு 720 கிலோ. நாலு மாட்டுக்கு கிட்டத்தட்ட 3 டன். தையில படப்பைப் பார்த்து எடை போடுங்க. சோளத்தட்டை, கடலைக்கொடி, வைக்கோல் எல்லாம் சேர்த்துக்குங்க. கோடையில வெள்வேல நெத்து உதிர்றதும் ஒரு துணை, ஆனா அதையே நம்ப முடியாது.

கணக்கு இடிக்குதா? அப்பவே, மாடு சதையோட இருக்கிறப்பவே, வயசானதையும் சினை பிடிக்காததையும் வித்துடுங்க. மனசு கேக்காதுதான். பங்குனி வரைக்கும் தள்ளிப் போட்டா மாடும் இளைக்கும், விலையும் இறங்கும், மிச்ச மாட்டுக்கும் தீனி இருக்காது. நான் பட்டேன்.

இப்போ ஏழு மாட்டுக்குப் பதிலா நாலுதான் வெச்சிருக்கேன். போன கோடையில ஒண்ணையும் விக்கலை.

உங்க ஊர்ல மேய்ச்சல் எப்படி மாத்துறீங்கன்னு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த பகுதியில சந்திப்போம்.